அருள்வாக்கை யார் ஆராய்வது?

செகந்திராபாத்தும் அதன் வடக்கே உள்ள திருமுல்கேரியும் படைமுகாம்களாக வளர்ந்த ஊர்கள். மதராஸ் படைகளோடு வந்த தமிழர்களின் சந்ததியினர் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். அந்த வட்டாரத்தின் பெரிய திருவிழா ‘லஷ்கர் போனாலு’ எனப் பெயர் பெற்றதும் படையால்தான்; லஷ்கர் என்றால் படை. இராணுவத்தில் டோலி சுமந்த சுரிட்டி அப்பையா 1813-இல் உஜ்ஜயினியில் இருந்தபோது, ஊரில் கொள்ளைநோய் தணிய வேண்டுமென்று அங்குள்ள மகாகாளியிடம் நேர்ந்துகொண்டார். நோய் நீங்கியதால் 1815-இல் திரும்பிவந்து செகந்திராபாத்தில் அம்மனைப் பிரதிஷ்டை செய்தார் என்பது உஜ்ஜயினி மகாகாளி கோயிலின் தலவரலாறு. ஆஷாட மாதத்து ஞாயிற்றுக்கிழமையில் பெண்கள் வேப்பிலை சுற்றிய பானையில் சோறு சுமந்து வந்து படைக்கிறார்கள். மறுநாள் ‘ரங்கம்’ நடக்கிறது. மஞ்சள் பூசிய முகத்தோடு ஒரு பெண் சுடாத பச்சைப் பானையின் மேல் ஏறி நின்று அம்மனாகப் பேசுகிறார். மழையும் விளைச்சலும் எப்படியிருக்கும், நோய் வருமா என்று அர்ச்சகர்கள் கேட்கக் கேட்க வாக்குச் சொல்கிறார். தெலங்கானா அரசு 2014-இல் போனாலுவை மாநில விழாவாக அறிவித்தது.

அந்தப் பெண்ணுக்கு என்ன நிகழ்கிறது? பக்தர் அருள் இறங்கியது என்பார். பகுத்தறிவாளர் நடிப்பு என்பார். மருத்துவர் தன்னிலை மறந்த மனநிலை என்பார். சமூகவியலாளர் ஊர் தந்த பொறுப்பு என்பார். ஒவ்வொரு துறையும் தன் விடையே முழு விடை என்று நம்புவதால்தான் ஆன்மிகம் பற்றிய நம் விவாதங்கள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. இவை வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். அவற்றை ஒன்றாக வைத்துப் பார்க்காமல் ஆன்மிகத்தை ஆராயவே முடியாது என்பதுதான் என் வாதம்.

முதலில் மனம். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1902-இல் வெளியிட்ட சமய அனுபவங்கள் பற்றிய நூலில் ஒரு நல்ல விதியை வகுத்தார்: ஓர் அனுபவம் உடலின் எந்த நிலையிலிருந்து பிறந்தது என்பதை வைத்து அதன் மதிப்பை முடிவு செய்யக் கூடாது, அது வாழ்வில் என்ன பலன் தருகிறது என்று பார்க்க வேண்டும். இன்றைய மருத்துவமும் அதற்கு அருகில் வந்திருக்கிறது. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் ஆவேச நிலைக்கு இடம் உண்டு. ஆனால் அது தன் விருப்பமின்றி வந்து, துன்பமோ செயலிழப்போ தந்து, சமூகம் ஏற்ற சடங்கின் பகுதியாக இல்லாதிருந்தால்தான் நோய். அந்த அளவுகோலில், ஊர் கூடி எதிர்பார்க்கும் நாளில் வந்து, சடங்கு முடிந்ததும் தணியும் ரங்கத்தை நோய் என்று சொல்ல வழியில்லை.

சமூகம் ஏற்கிறதா என்பதை மருத்துவரே கேட்கிறார் என்றால் விடைக்குச் சமூகவியலிடம் போயாக வேண்டும். வழிபாட்டில் மக்கள் உணரும் பேராற்றல் கூடிவாழும் சமூகத்தின் ஆற்றலே என்று 1912-இல் எழுதினார் பிரெஞ்சு அறிஞர் எமில் துர்கைம். கொள்ளைநோய்க்கு அஞ்சிய ஊரில் எழுந்த கோயிலில், ஆண்டுதோறும் நோயும் மழையுமே கேள்வியாக வருவதை இது நன்றாக விளக்குகிறது. வேறொரு நாளில் அதிகாரிகள் செவிகொடுக்காத ஒரு பெண்ணின் குரல் அன்று எல்லோரையும் நிறுத்திக் கேட்க வைக்கிறது. ஆயினும் அந்தக் கூட்டத்தில் எல்லோருக்கும் ஏன் அருள் வருவதில்லை என்ற கேள்விக்கு துர்கைமிடம் விடை இல்லை.

அங்கேதான் அனுபவித்தவரின் சொல் வேண்டியிருக்கிறது. 1896-இல் மதுரையில் 16 வயது வேங்கடராமனை மரண பயம் திடீரென்று ஆட்கொண்டது. தரையில் பிணம்போல் படுத்து, இறப்பது எது என்று தனக்குள் விசாரித்தார். அந்தப் பயத்துக்கு இன்றைய மருத்துவர் ஒரு பெயர் வைத்திருப்பார். பெயர் பிழையாகவும் இராது. ஆனால் அதே ஆண்டு திருவண்ணாமலை சேர்ந்து, ரமணராக 1950 வரை அங்கே வாழ்ந்த அமைதியை அந்தப் பெயர் விளக்காது.

ஆன்மிகத்துக்கு இவ்வளவு மதிப்புத் தருவது ஆபத்து என்ற மறுப்பு உண்டு. அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், தர்காவை நம்பி அழைத்துவரப்பட்டு, தனியார் காப்பகமொன்றில் சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டனர். நம்பிக்கையின் பெயரால் சங்கிலி பூட்டுவதை எந்த ஆய்வும் நியாயப்படுத்தக் கூடாது; 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் அதைத் தடை செய்துவிட்டது. ஆனால் எல்லா வழிபாட்டிடமும் ஏர்வாடிக் காப்பகம் ஆகிவிடாது. வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசுவாமி கோயிலில் தங்கிய தீவிர மனநோயாளிகள் 31 பேரை ஆராய்ந்த மனநல மருத்துவர் ரகுராம் குழுவினர், நோய்க்குறி மதிப்பெண் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்ததை 2002-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் பதிவு செய்தனர். அங்கே விசேஷச் சடங்கு எதுவும் இல்லை. அச்சுறுத்தாத, ஆதரவான சூழலே காரணம் என்று கருதினர். எண்ணிக்கை சிறியது, ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழுவும் இல்லை. ஆனாலும் எந்த இடம் ஆற்றுகிறது, எந்த இடம் அழிக்கிறது என்பதை நேரில் சென்று ஆராய்ந்தால்தான் பிரித்தறிய முடியும் என்பதற்கு இது சான்று.

தெய்வத்தை அளவுகோலால் அளப்பதா என்று பக்தர்கள் கேட்கலாம். தெய்வம் உண்டா என்று இந்த ஆய்வு தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. மனிதருக்கு என்ன நேர்கிறது, அதனால் யார் தேறுகிறார், யார் வாடுகிறார் என்பதை மட்டுமே அது கேட்கிறது. அந்தக் கேள்விக்கு அஞ்ச உண்மையான பக்திக்குக் காரணம் இல்லை.

ஆகவே நம் பல்கலைக்கழகங்கள் உளவியலையும் சமூகவியலையும் சமய ஆய்வையும் தனித்தனிக் கட்டடங்களில் பூட்டி வைப்பதை நிறுத்த வேண்டும். மனநல மருத்துவம் பயில்பவர் சாமியாடியிடமும் பேசிப் பழக வேண்டும். சாமியாட்டத்தை எழுதும் சமூகவியலாளர் ஆடுபவரின் வாழ்க்கையை, அவர் பெறும் மதிப்போடு அவர் தரும் விலையையும் சேர்த்து எழுத வேண்டும். அருள் என்றோ நோய் என்றோ தீர்ப்பு எழுதுமுன், அந்த மனிதரின் வாய்மொழியை முழுமையாகக் கேட்பதே நேர்மையான ஆய்வுக்கு முதல் நிபந்தனை.