தொப்பியில் செருகிய கழுகிறகு

போலந்தின் தென்கோடியில், தாத்ரா மலையடிவாரப் பகுதிக்குப் பொத்ஹாலே என்று பெயர். 1918-ல் போலந்து மீண்டும் சுதந்திர நாடானபோது அந்த மண்ணின் பெயரிலேயே ஒரு காலாட்படை எழுந்தது. உடையே அவர்களைத் தனியே அடையாளம் காட்டிவிடும்: அப்பகுதி மலைவாசிகள் அணிவது போன்ற வட்டத் தொப்பி, அதில் செருகிய கழுகிறகு, தோளிலிருந்து தொங்கும் அகலமான மேலங்கி. மலையில் பிறந்தவன்தான் மலைப்படைக்கு லாயக்கு என்று அந்த உடையே சொல்வது போலிருக்கும். இந்தப் படையின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை என்பதே என் கருத்து.

1939 செப்டம்பரில் ஜெர்மனி தாக்கியபோது, பொத்ஹாலே ரெஜிமென்ட்கள் சொந்த மண்ணிலேயே நின்றன. ஆனால் போர் சிகரங்களில் நடக்கவில்லை. டாங்கிகள் சாலை வழியே பாய்ந்து வந்தன. பின்வாங்கப் பின்வாங்க மலைகள் தூரமாகிக்கொண்டே போயின. 21-வது மலைக் காலாட்படை டிவிஷனின் தளபதி யூசெஃப் குஸ்த்ரோன் செப்டம்பர் 16 அன்று களத்திலேயே விழுந்தார். மலைப் பிறப்பு அங்கே யாருக்கும் கைகொடுக்கவில்லை.

அடுத்த ஆண்டு பிரான்சில் புதிய பொத்ஹாலே பிரிகேட் திரட்டப்பட்டது. தளபதி ஸிக்முன்ட் போகுஷ்-ஷிஷ்கோ. வீரர்கள் ஏறக்குறைய 5,000 பேர். நாடிழந்து தப்பி வந்தவர்களும், பிழைப்புக்காக முன்பே பிரான்சில் குடியேறியிருந்த போலந்துக்காரர்களுமே பெரும்பகுதி; மலைவாசிகள் சொற்பம். பின்லாந்துக்கு உதவத்தான் திரட்டினார்கள். மார்ச்சில் அங்கே சமாதானம் ஆகிவிடவே, நார்வேயின் நார்விக் துறைமுகத்துக்கு அனுப்பினார்கள். ஸ்வீடன் நாட்டு இரும்புத்தாது கப்பலேறும் இடம் அது. எதிரே இருந்தவர்களில் ஆல்ப்ஸ் மலையில் வளர்ந்த ஆஸ்திரியர்கள் ஏராளம், அசல் மலைப்படையினர். மே மாதக் கடைசியில் அங்கே சூரியன் மறைவதே இல்லை. இருட்டில் பதுங்கி முன்னேற வழியில்லை. பனி மூடிய சரிவில், பகல் போன்ற வெளிச்சத்தில், மெஷின்கன் குண்டுகளுக்கு நேரே ஏற வேண்டும். மே 28-ல் பிரெஞ்சு, நார்வே படைகள் நகரைப் பிடித்தபோது, அங்கெனெஸ் உயரங்களில் போராடி எதிரியை விரட்டியவர்கள் இவர்கள்தான். அந்தப் போர்முனையில் நூறு பேர் வரை உயிரிழந்தார்கள்.

நேச நாடுகளுக்கு ஆள்பலம் அதிகம், பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் பீரங்கியும் துணைக்கு இருந்தது என்பார்கள். உண்மைதான். ஆனால் பீரங்கி மலையேறாது. பாறை மறைவில் இருக்கும் துப்பாக்கியை அடக்க, யாராவது நடந்தே போயாக வேண்டும். பிடித்த நகரைப் பத்தே நாளில் விட்டு வந்தார்களே, பிறகென்ன பயன் என்ற கேள்வி இதைவிடக் கனமானது. பிரான்ஸ் வீழ்ந்துகொண்டிருந்ததால் எடுத்த முடிவு அது. அதன் பழியை அந்தச் சரிவில் ஏறியவர்கள்மேல் போடுவது நியாயமில்லை. அவர்களும் பிரான்சுக்கே திரும்பினார்கள். ஜூனில் பிரெத்தாஞ் பகுதியில் பிரிகேட் சிதறிப்போனது.

பெயர் மட்டும் சிதறவில்லை. இன்றைய 21-வது பொத்ஹாலே பிரிகேடின் தலைமையகம், சிகரங்களை விட்டுத் தள்ளியிருக்கும் ஜெஷூஃப் நகரில் இருக்கிறது. அதனிடம் டாங்கிகளும் உண்டு. அணிவகுப்பு நாளில் அதன் வீரர்கள் தொப்பியில் இறகைச் செருகிக்கொள்கிறார்கள்.