ரெடி வேறு, சம்மதம் வேறு

வழக்கு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறது. 40 லட்சம் ரூபாய்க்கு வீடு பேசி, 5 லட்சம் அட்வான்ஸ் கொடுத்து, ஆறு மாதக் கெடுவுடன் கிரய ஒப்பந்தம் எழுதப்படுகிறது. அதற்குள் விலை ஏறிவிட, விற்பவர் நழுவுகிறார். வாங்க வந்தவர் கோர்ட்டுக்குப் போகிறார். அவருக்கு வீடு கிடைக்குமா, அட்வான்ஸோடு திரும்ப வேண்டியதுதானா என்பது பல சமயம் இரண்டு ஆங்கிலச் சொற்களில் தொங்குகிறது: ‘ரெடி அண்ட் வில்லிங்’.

பேச்சு வழக்கில் இரண்டும் ஒன்றுதான். கல்யாணத்துக்கு ரெடி என்றால் சம்மதம் என்றே பொருள். ஆனால் 1963-ம் ஆண்டின் ஸ்பெசிபிக் ரிலீஃப் சட்டம், 16(சி) பிரிவில், இரண்டையும் தனித்தனியாகக் கேட்கிறது. சுவாமி கணேஷ் தாஸ்ஜி வழக்கில் 1996-ல் சுப்ரீம் கோர்ட் வித்தியாசத்தைப் பிட்டுவைத்தது. ‘ரெடி’ என்பது சக்தி. பாக்கித் தொகையைக் கொடுக்கும் பணவசதியும் அதில் அடக்கம். ‘வில்லிங்’ என்பது மனம். அதை ஆளின் நடத்தையை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

ஆசை இருந்து காசில்லாதவர் முதல் சொல்லில் தோற்கிறார். காசு இருந்தும், கெடு முடிந்து ஒரு நோட்டீஸ்கூட அனுப்பாமல் இரண்டரை வருடம் சும்மா இருந்தவர் இரண்டாவதில் தோற்கலாம், வழக்குப் போட மூன்று வருட அவகாசம் உண்டு என்றாலும்.

பணத்தைக் கட்டுக்கட்டாகக் கொண்டுபோய்க் காட்ட வேண்டியதில்லை, கோர்ட் உத்தரவிட்டாலொழிய டெபாசிட்டும் தேவையில்லை என்கிறது சட்டம். சறுக்குவது இங்கேதான். காட்ட வேண்டாம் என்றால் நிரூபிக்கவும் வேண்டாம் என்று அர்த்தமில்லை. பாஸ்புக், வங்கியின் கடன் அனுமதிக் கடிதம், வருமான வரிக் கணக்கு என்று ஏதாவது வேண்டும். “பீரோவில் இருந்தது” என்ற சாட்சியம் எடுபடுவது கஷ்டம். (கணக்கில் வராத பணத்தில் பாதிக் கிரயம் பேசியவர் பாடு இன்னும் திண்டாட்டம்.)

வாசகத்தை மந்திரம் போல அட்சரம் பிசகாமல் பிராதில் எழுத வேண்டியதில்லை என்று 1999-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. 2018-ல் வந்த திருத்தம், பிராதில் சொல்லியாக வேண்டும் என்ற வார்த்தையையே எடுத்துவிட்டு, நிரூபிப்பதை மட்டும் விட்டுவைத்தது. ஒப்பந்தத்தை நிறைவேற்றச் சொல்வதா வேண்டாமா என்று நீதிபதிக்கு இருந்த விருப்புரிமையும் அதே திருத்தத்தில் போயிற்று. அதனால் விற்பவரின் வக்கீலுக்கு மிச்சமிருக்கும் நல்ல ஆயுதங்களில் ஒன்று, குறுக்கு விசாரணையில் கேட்கும் அந்தக் கேள்வி: கெடு தேதியன்று பாக்கி 35 லட்சம் எங்கே இருந்தது?