இணையவழி ஆசிரியரை எடைபோடுதல்

ஆசிரியர் எப்படி இருத்தல் வேண்டும் என்பதை நம் முன்னோர் இலக்கணமாகவே வகுத்து வைத்தனர். பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் நல்லாசிரியருக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகிய நான்கையும் உவமை கூறினார். அத்தோடு நில்லாமல், ஆசிரியர் ஆகாதவருக்கும் நான்கு உவமைகள் தந்தார். அவற்றுள் ஒன்று கழற்குடம். கழற்சிக்காய்களைக் குடத்திலிட்டுக் கவிழ்த்தால், இட்ட முறையில் அவை வெளிவருவதில்லை. தான் கற்ற வரிசையிலன்றி, வாய்க்கு வந்த வரிசையில் கொட்டுகின்ற ஆசிரியரும் அத்தகையவரே.

பவணந்தியார் காலத்து மாணாக்கன் ஆசிரியரை அருகிலிருந்து பார்த்தான், பழகினான், அறிந்தான். நாமோ ஆசிரியரைக் கைப்பேசியின் சிறு திரையில் காண்கிறோம். அவரைப் பற்றி நாம் அறிவதெல்லாம், முன்பின் அறியாத யாரோ எழுதிய “சூப்பர் சார்” என்பதும், அதற்கு அடுத்த வரியிலேயே வேறு யாரோ எழுதிய “சுத்த வேஸ்ட்” என்பதும்தாம்! இவ்விரண்டையும் வைத்துக்கொண்டு ஓர் ஆசிரியரை எடைபோடுவது எங்ஙனம்?

எங்கள் ஊர் காளப்பநாயக்கன்பட்டி. கொல்லிமலையின் அடிவாரம். நாமக்கல்லிலிருந்து மலைக்குச் செல்லும் பேருந்து சேந்தமங்கலம், எங்கள் ஊர், காரவள்ளி என்று வந்து, அதன்பின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும். அரசுத் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர் இல்லாத தெரு எங்கள் ஊரில் அருமை. நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ நாள்தோறும் போய்ப் பயில எல்லோருக்கும் வசதியில்லை. ஆகவே கைப்பேசியே வகுப்பறை ஆகிவிட்டது.

எங்கள் தெருவில் ஓர் அக்கா குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறார். இணையவழி வகுப்பொன்றில் சேர எண்ணினார். கட்டணம் ஆறாயிரம் ரூபாய். குச்சிக்கிழங்கு விற்ற பணத்திலிருந்து அவர் தந்தை எடுத்து வைத்த தொகை அது. ஒருமுறை கட்டினால் திரும்பாது. “ஏந்தம்பி, காலேஜுக்குப் போறயே, பாதிப் பேரு ஆகா ஓகோங்கறாங்க, பாதிப் பேரு திட்டறாங்க. இதுல யாரத்தான் நம்பறது, சொல்லு” என்று என்னிடம் கேட்டார். பொருளியல் படிப்பவன் என்பதற்காக என்னைக் கேட்டாரோ என்னவோ! அந்த வகுப்பின் டெலிகிராம் குழுவிலிருந்து மூவரைப் பிடித்து, இருவருமாகப் பேசிப் பார்த்தோம்.

ஐந்து நட்சத்திரம் இட்டவர் முதலாமவர். “அருமையாக நடத்துவார்” என்றார். எந்தப் பாடம் அருமை என்று கேட்டோம், “எல்லாமே” என்றார். சேர்ந்து எத்தனை நாள் என்று கேட்டபோது, இரண்டு வாரம் என்று தெரிந்தது. புதிதாக ஒருவரைச் சேர்த்துவிட்டால் கட்டணத்தில் ஐந்நூறு ரூபாய் குறையும் என்பதும் பேச்சோடு பேச்சாக வெளிவந்தது.

இரண்டாமவர் ஒரு நட்சத்திரக்காரர். “பணத்தைத் தண்டமாக்காதீர்கள்” என்றார். கோழிப்பண்ணையில் வேலை பார்ப்பவர் அவர். வகுப்போ மாலை ஏழு மணிக்கு. அவர் வேலை முடிவது ஒன்பதுக்கு. பதிவு செய்த பாடம் மூன்று நாளில் மறைந்துவிடும். பெரும்பாலான பாடங்களை அவர் கேட்கவேயில்லை. அவருடைய குறை உண்மைக் குறைதான். ஆனால் அது கற்பித்தலைப் பற்றியதன்று, நேரத்தைப் பற்றியது.

மூன்றாமவர் “பரவாயில்லை” என்று மூன்று நட்சத்திரம் இட்டிருந்தார். தமிழைப் பள்ளிப் பாடநூல் வரிசையிலேயே நடத்துகிறார், கணிதத்தில் வேகம் அதிகம், அடிப்படை தெரியாதவர்களுக்கு ஒட்டாது, ஒரு வினாவுக்குத் தவறாகச் சொன்ன விடையை மறுநாள் அவரே முன்வந்து திருத்தினார் என்று விவரமாகச் சொன்னார். நட்சத்திரக் கணக்கில் இவர் இரண்டுங்கெட்டான். செய்திக் கணக்கிலோ இவரே முதல்வர்.

கொல்லிமலைப் பாதையைப் பற்றி மலையிலிருந்து இறங்கி வருவோரைக் கேட்டுப் பாருங்கள். “என்ன அழகு!” என்பார் ஒருவர். பேருந்தின் பின்னிருக்கையில் அமர்ந்து குமட்டலெடுத்து வந்தவர் “இனி அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டேன்” என்பார். நாள்தோறும் மிளகு மூட்டையும் பலாப்பழமும் ஏற்றி இறக்கும் ஓட்டுநருக்கு அது வெறும் பாதை. மூவரும் பொய் சொல்லவில்லை, பாதையும் மூன்றன்று. கருத்துகள் முரண்படும்போது ஒருவர் பொய்யர் என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. சொல்பவர் யார், எதற்காகப் போனார், எங்கே அமர்ந்திருந்தார் என்பனவே கேட்கத்தக்கவை.

ஆயினும், எல்லாப் பாராட்டும் இப்படிக் கள்ளமற்றது என்றும் எண்ணிவிடலாகாது. 2020ஆம் ஆண்டில் ஒயிட்ஹாட் ஜூனியர் என்ற நிறுவனம் சிறுவர்களுக்குக் கணினி நிரல் எழுதக் கற்றுத்தருவதாகப் பெரும் விளம்பரம் செய்தது. அவ்வாண்டில்தான் பைஜூஸ் நிறுவனம் அதனை 30 கோடி டாலருக்கு வாங்கியது. உல்ஃப் குப்தா என்னும் சிறுவன் இங்குப் பயின்று கூகுள் நிறுவனத்தில் கோடிக்கணக்கில் சம்பளம் பெற்றான் என்றன அதன் விளம்பரங்கள். அச்சிறுவனின் வயதும் சம்பளமும் விளம்பரத்துக்கு விளம்பரம் மாறின! அவன் கற்பனைப் பாத்திரம் என்பது பின்னர் தெளிவாயிற்று. இந்திய விளம்பரத் தரக் குழுமம் அந்நிறுவனத்தின் ஐந்து விளம்பரங்களைத் திரும்பப் பெறச் சொன்னது. நிறுவனத்தை வெளிப்படையாகக் குறைகூறி வந்த பிரதீப் பூனியா என்ற பொறியாளர்மீது 20 கோடி ரூபாய் கேட்டுத் தில்லி உயர்நீதிமன்றத்தில் 2020 நவம்பரில் அவதூறு வழக்குத் தொடரப்பட்டது. 2021இல் அது திரும்பப் பெறப்பட்டது. அவருடைய காணொலிகள் பல இதற்கிடையே நீக்கப்பட்டும் இருந்தன. நம் கண்ணுக்குப் படும் கருத்துகள், எழுதப்பட்ட கருத்துகள் எல்லாம் அல்ல. எஞ்சி நிற்பவை மட்டுமே என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

பொய் ஒன்றுகூடச் சொல்லாமலும் ஏமாற்ற இயலும். இந்தியக் குடிமைப்பணித் தேர்வு முதல்நிலை, முதன்மை, நேர்முகம் என மூன்று படிகள் கொண்டது. 2022ஆம் ஆண்டுத் தேர்வில் பரிந்துரைக்கப்பட்டவர்கள் 933 பேர். அவர்களுள் 617 பேர் தம் மாணவர் என்று வாஜிராவ் அண்டு ரெட்டி என்ற பயிற்சி நிறுவனம் விளம்பரப்படுத்தியது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விசாரித்தபோது, அவர்கள் அனைவரும் கடைசிப் படியான நேர்முகத் தேர்வு வழிகாட்டலுக்கு மட்டுமே வந்தவர்கள் என்று தெரிந்தது. முதலிரண்டு படிகளையும் அவர்கள் ஏறிய பின்னரே அங்கு வந்திருக்கிறார்கள்! ஆணையம் 7 இலட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. 2024 நவம்பரில் வந்த வழிகாட்டு நெறிகளின்படி, வெற்றிபெற்றவரின் படத்தைப் போடும் பயிற்சி நிலையம் அவர் எந்தப் பயிற்சியில் சேர்ந்திருந்தார் என்பதையும் கூற வேண்டும். அவர் தேர்ச்சி பெற்ற பிறகு அவரது எழுத்து மூலமான ஒப்புதலையும் பெற வேண்டும். மாலை மரியாதையோடு நிற்கும் வெற்றியாளர் படத்தைக் கண்டால், “இவர் உங்களிடம் என்ன படித்தார்? எத்தனை நாள்?” என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

சரி, எழுதியவர் நேர்மையானவர், கூலி வாங்காதவர், வகுப்பையும் முழுதாகக் கேட்டவர் என்றே கொள்வோம். அப்போதும் ஒரு சிக்கல் இருக்கிறது. என்னை மிகவும் வியக்க வைத்தது இதுதான். அமெரிக்காவில் 1970ஆம் ஆண்டு, மனநல மருத்துவர்களும் உளவியலாரும் கூடியிருந்த அவையில் ‘டாக்டர் ஃபாக்ஸ்’ என்பவர் சொற்பொழிவாற்றினார். அவர் ஓர் அறிஞர் என்றே அறிமுகம் செய்யப்பட்டார். உண்மையில் அவர் ஒரு நடிகர்! முரண்பாடும் பொருளற்ற சொற்களும் நிறைந்த ஓர் உரையை நகைச்சுவையும் உற்சாகமும் கலந்து பேசுமாறு அவரைப் பழக்கியிருந்தனர். கேட்டோர் பெரும்பாலும் அவ்வுரையைப் பாராட்டியே எழுதிக் கொடுத்தனர். ஒருவரும் ஏமாற்றைக் கண்டுகொள்ளவில்லை. 1973இல் இச்செய்தி ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. படித்துத் தேர்ந்தவர்களுக்கே இந்த நிலையென்றால், பாடத்தைப் புதிதாகக் கேட்கும் நம் நிலை என்ன?

இதற்கு மறுபுறமும் உண்டு. ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் வகுப்புகளில் நடந்த ஓர் ஆய்வு 2019இல் வெளியாயிற்று. ஆசிரியர் சரளமாக விரிவுரையாற்றிய வகுப்பில் மாணவர் தாம் மிகுதியாகக் கற்றதாக உணர்ந்தனர். தாமே கணக்கிட்டுத் திணறிய வகுப்பில் குறைவாகக் கற்றதாக எண்ணினர். தேர்வு வைத்துப் பார்த்தபோதோ, திணறியவர்களே மிகுதியாகக் கற்றிருந்தனர். ஆகவே “நன்றாகப் புரிந்தது” என்னும் கருத்து ஆசிரியரின் நாவன்மைக்குச் சான்றாகலாம், கற்றதற்குச் சான்றாகாது. “மிகவும் கடினம், வேலை வாங்குகிறார்” என்னும் வசை சில வேளை நற்சான்றாகவும் இருக்கக்கூடும்.

எண்ணிக்கையைப் பற்றியும் ஒரு சொல். ஐந்து பேர் எழுதி ஐவரும் பாராட்டிய ஆசிரியர் மேலா, நூறு பேர் எழுதித் தொண்ணூறு பேர் பாராட்டியவர் மேலா? பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாசு இதற்கு எளிய வழி சொன்னார். பாராட்டோடு ஒன்றையும் மொத்தத்தோடு இரண்டையும் கூட்டுக. ஐந்துக்கு ஐந்து என்பது ஏழுக்கு ஆறாகும். அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 86. நூற்றுக்குத் தொண்ணூறு என்பது 102க்கு 91 ஆகும், அது 89. முழு மதிப்பெண் பெற்றவர் பின்தங்கிவிட்டார்! எழுதிய ஒவ்வொருவரும் உண்மையே எழுதினார் என்று வைத்துக்கொண்டால்தான் இக்கணக்கு செல்லும் என்பதையும் மறத்தலாகாது.

அப்படியானால் கருத்துகளைப் படிப்பதே வீண் வேலையா? அன்று. அவற்றைத் தீர்ப்பாகக் கொள்ளாமல், எங்கே தேட வேண்டும் என்று காட்டும் குறிப்பாகக் கொள்ளலாம். மூன்றாமவர் சொன்னவற்றை நாங்கள் அப்படித்தான் எடுத்துக்கொண்டோம். அந்த ஆசிரியர் இலவசமாக வெளியிட்ட தமிழ்ப் பாடங்கள் மூன்றைப் பள்ளிப் பாடநூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டோம். வரிசை மாறவில்லை. நூலில் இல்லாத ஒன்றைச் சொன்ன இடத்தில் எந்த நூலிலிருந்து எடுத்தது என்பதையும் சொன்னார். கழற்குடம் அல்லர் என்று நான் மனத்துக்குள் குறித்துக்கொண்டேன்.

தேர்வாணையம் ஒவ்வொரு தேர்வுக்குப் பின்னும் விடைக்குறிப்பு வெளியிடுகிறது. தேர்வு நாளன்று மாலையே இந்த ஆசிரியர் சொன்ன விடைகளை அதனோடு ஒப்பிட்டோம். இரண்டு இடத்தில் வேறுபட்டது. அக்காணொலியின் கீழேயே அவ்விரண்டையும் அவர் திருத்தியிருந்தார். என்னைக் கேட்டால், நூறு நட்சத்திரங்களைவிட அந்தத் திருத்தம் எடை மிகுந்தது. கணிதப் பாடத்தை அக்கா மட்டும் கேட்டார். பத்து நிமிடத்தில் நிறுத்திவிட்டு, “எனக்கு எட்டல தம்பி” என்றார். அந்தக் கருத்தும் சரியாகவே இருந்தது.

குரூப் 4 தேர்வின் 200 வினாக்களில் 100 தமிழ். அதில் நூற்றுக்கு நாற்பது பெறாவிட்டால் மற்ற விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். ஆகவே தமிழுக்கு மட்டும் தனிக் கட்டணம் உண்டா என்று அக்கா எழுதிக் கேட்டார். உண்டு என்று விடை வந்தது. இரண்டாயிரத்து ஐந்நூறு கட்டிச் சேர்ந்தார். கணிதத்துக்குப் பள்ளிப் பாடநூலும் கல்லூரி விட்டு வந்த பின் நானும்!

மூன்று மாதம் கழித்து, கருத்து எழுதும்படி அவருக்கும் ஒரு வேண்டுகோள் வந்தது. அவர் எழுதியது இது: “நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவள். தமிழ்ப் பகுதியில் மட்டும் சேர்ந்து மூன்று மாதம் கேட்டேன். இலக்கணம் நன்றாக விளங்கியது. உரைநடைப் பகுதி அவசரமாக முடிந்தது. சேரும் முன் பழைய வினாத்தாளில் நூற்றுக்கு 52 எடுத்தேன், இப்போது 71. வகுப்பு மாலை ஏழு மணிக்கு. அந்நேரம் வேலை உள்ளவர்கள் பதிவு எத்தனை நாள் இருக்கும் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கணிதம் நான் படிக்கவில்லை, அதைப் பற்றி எனக்குத் தெரியாது.”