மைலேஜ் குறைகிறதா? பதிவுகள் சொல்வதும் சொல்லாததும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அதையும் தாண்டி, காபித் தோட்டங்கள் சூழ்ந்த கரடியூருக்கு பைக்கில் போய் வருகிறவருக்கு மைலேஜ் என்பது வீட்டுச் செலவுக் கணக்கு. 'இ20 போட்டதிலிருந்து வண்டி இழுக்கவில்லை' என்ற பேச்சு 2025 ஆகஸ்டில் நாடெங்கும் சமூக வலைதளங்களில் பரவியது. மக்கள் இ20 கொள்கையை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பதை அந்தப் பதிவுகளை வைத்து அளந்துவிட முடியுமா?

இ20 என்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். கச்சா எண்ணெய்த் தேவையில் 85 சதவீதத்துக்கும் மேல் இறக்குமதி செய்யும் நாடு, அந்தச் செலவைக் குறைக்க எடுத்த முடிவு இது. 2030க்கு வைத்திருந்த இலக்கை அரசு 2025க்கே கொண்டுவந்தது.

மைலேஜ் பயம் வெறும் கற்பனை அல்ல. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல், பெட்ரோலில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். பழைய வடிவமைப்புள்ள கார்களில் 6 முதல் 7 சதவீதமும், இருசக்கர வாகனங்களில் 3 முதல் 4 சதவீதமும் எரிபொருள் திறன் குறையலாம் என்று 2021இல் நிதி ஆயோக்கின் அறிக்கையே கணித்திருந்தது. அப்படியிருந்தும் பெட்ரோலிய அமைச்சகம் இந்தக் கவலைகளைப் பெரும்பாலும் ஆதாரமற்றவை என்றது. தனக்கு எதிராகக் காசு கொடுத்து நடத்தப்படும் பிரசாரம் என்றார் சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி.

பேச்சு ஏற்பாடா, அனுபவமா என்று பிரிக்கும் இந்த இடத்தில்தான் பதிவுகளை ஆராய்வது பயன்படும். ஒரே வாசகம், ஒரே நேரத்தில், பல கணக்குகளிலிருந்து வந்தால் அது ஏற்பாடு. வெவ்வேறு வண்டி, வெவ்வேறு ஊர், வெவ்வேறு கணக்கு என்று வந்தால் அது பட்டறிவு. இரண்டும் கலந்தும் வரலாம். 'மைலேஜ் கொஞ்சம் குறையும்' என்ற செய்தி கைமாறிக் கைமாறி எந்தக் கட்டத்தில் 'இன்ஜினே போய்விடும்' என்று மாறுகிறது என்பதைத் தேடுவதுதான் முக்கியம். எத்தனை பேர் கோபப்பட்டார்கள் என்ற எண்ணிக்கை அதைச் சொல்லாது.

ஆனால் வாட்ஸ்அப் குழுக்களுக்குள் ஆய்வாளர் எட்டிப்பார்க்க முடியாது. ஆங்கில எழுத்தில் அடித்த தமிழும் குரல் பதிவுகளும் கணினியின் எண்ணிக்கையில் எளிதில் நழுவிவிடும். லோக்கல்சர்க்கிள்ஸ் என்ற இணையத் தளம் நடத்திய கருத்துக் கணிப்பில் வாகன உரிமையாளர்களில் மூவரில் இருவர் இ20ஐ எதிர்த்தார்கள். அவர்கள் அந்தத் தளத்தில் தாமாகப் பதில் சொல்ல வந்தவர்கள். மலைக்கிராமத்து மனநிலையை அதிலிருந்து ஊகிப்பது சரியல்ல. மலை ஏற்றம், தாழ்ந்த கியர், பின்னால் ஏற்றிய மூட்டை எல்லாமே எரிபொருளைக் குடிக்கும்போது, கரடியூர்க்காரர் எத்தனாலின் பங்கை மட்டும் எப்படிப் பிரித்தறிவார்?

பெட்ரோல் பங்க்கிலேயே நின்று கேட்க வேண்டிய கேள்வி இது: இப்போது போட்ட பெட்ரோலில் எத்தனால் எவ்வளவு என்று தெரியுமா? எத்தனால் கலக்காத பெட்ரோலும் கிடைக்க வேண்டும், கலப்பின் அளவைப் பெட்ரோல் பங்க்குகளில் தெளிவாக எழுதி வைக்க வேண்டும் என்று கோரிய பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்தது. எழுதி வைக்க நீதிமன்ற உத்தரவு தேவையில்லை. எண்ணெய் நிறுவனங்கள் நாளைக்கே செய்யலாம்.