உங்களுக்குத் தெரியுமா? சீரான நாடியும் சீரானதல்ல!

பாரிஸ் மெத்ரோ 2ஆம் வழித்தடத்தில் ஸ்டாலின்கிராட்டுக்குப் பக்கத்து நிறுத்தம் லாச்சப்பல். அங்குள்ள தமிழர் கடைத்தெருவுக்குச் சற்றுத் தள்ளி, 1854இல் திறந்த லாரிபுவசியேர் மருத்துவமனை இருக்கிறது. நரம்புகள் இதயத் துடிப்பை எப்படி ஆட்டிவைக்கின்றன என்று ஆராய்ந்த பிலிப் கூமெல் பணியாற்றியது இங்கேதான். துடிப்பு மாறுபாட்டை அளக்க 1996இல் வெளியான பன்னாட்டு நெறிமுறையை உருவாக்கிய குழுவினரில் அவரும் ஒருவர்.

நாடி நிமிடத்துக்கு 60 என்றால் நொடிக்கு ஒரு துடிப்பு என்று எண்ணிவிடுகிறோம். ஈசிஜியில் அடுத்தடுத்த கூர்முனைகளுக்கு நடுவே அளந்து பாருங்கள்: ஓர் இடைவெளி 960 மில்லி விநாடி, அடுத்தது 1,030 என்று வரும். மூச்சை இழுக்கையில் துடிப்பு விரையும், விடுகையில் தணியும். ஆரோக்கியமான இதயத்துக்கு இந்த மாறுபாடு இயல்பு.

அந்த நெறிமுறை சொன்ன பதிவு நேரம் இரண்டு: 5 நிமிடம், அல்லது உடலோடு அணியும் ஹோல்டர் கருவியில் 24 மணி நேரம். இரண்டிலும் வரும் எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடவே கூடாது. பதிவு நீண்டால் மொத்த மாறுபாடும் கூடும். இடையே தாளம் தப்பி வரும் துடிப்புகளைக் கணக்கிலிருந்து நீக்குவதும் கட்டாயம்.

கைக்கடிகாரங்கள் பெரும்பாலும் பச்சை ஒளியால் தோலடி இரத்த ஓட்டத்தைப் பார்த்து இந்த மாறுபாட்டைக் கணிக்கின்றன. கை அசைந்தால் எண் பிசகும்; நெஞ்சுப்பட்டை நம்பகமானது. காலையில் எழுந்ததும், தேநீருக்கு முன், ஒரே நிலையில் இருந்து அளவெடுங்கள். அடுத்தவர் எண்ணோடு ஒப்பிடாதீர்கள், உங்கள் போன வார எண்ணோடு ஒப்பிடுங்கள். மயக்கமோ படபடப்போ வந்தால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.