பள்ளத்தில் 'டக் டக்' சத்தம்... ஷாக் அப்சார்பரை மாற்றும் முன் இதைக் கவனியுங்கள்!

தார் ரோட்டில் சத்தமில்லாமல் ஓடும் கார், தோட்டத்துக்குப் போகும் மண்பாதையில் இறங்கியதும் 'டக் டக்' என்று தட்டும். பட்டறைக்குப் போனால் பல நேரங்களில் பழி ஷாக் அப்சார்பர் மீதுதான் விழும். அதை ஜோடியாக மாற்றிய பிறகும் அதே சத்தம் வந்தால், செலவழித்த பணம் வீண். சத்தம் எப்போது வருகிறது என்பதைக் கவனித்தாலே காரணத்தைப் பெருமளவு நெருங்கிவிடலாம்.

முதலில் வண்டியைக் காலி செய்யுங்கள்

ஜாக்கி, ஸ்பேனர், சரியாக இறுக்காத ஸ்டெப்னி, டிக்கியில் கிடக்கும் மண்வெட்டி... இவையும் இதே சத்தத்தைத் தரும். எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, அதே பாதையில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். சைலன்சரைத் தாங்கும் ரப்பர் அறுந்திருக்கிறதா, பிக்கப் வண்டியாக இருந்தால் பின்கதவின் கொக்கி ஆடுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

சத்தம் சொல்லும் சேதி

சின்னக் குழிகளில் லேசான 'டக் டக்': லிங்க் ராடு தேய்ந்திருக்கலாம். வேகத்தடையில் இரண்டு முன்சக்கரங்களும் ஒன்றாக ஏறும்படி ஓட்டுங்கள். பிறகு ஒரு சக்கரம் மட்டும் குழியில் இறங்கும்படி ஓட்டுங்கள். இரண்டாவது முறை மட்டும் சத்தம் கூடினால், சந்தேகம் வலுக்கிறது. சக்கரங்கள் மேடும் பள்ளமுமாகப் போகும்போதுதான் ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொண்டு வேலை செய்யும்.

பிரேக் பிடிக்கும்போதும் ரிவர்ஸ் எடுக்கும்போதும் ஒரே ஒரு 'டொக்': லோயர் ஆர்ம் புஷ்ஷில் ரப்பர் கிழிந்திருக்கலாம்.

நின்ற இடத்தில் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது சத்தம்: ஸ்ட்ரட்டின் மேல் மவுண்ட், அதிலுள்ள பேரிங்கைப் பார்க்க வேண்டும்.

பள்ளம் தாண்டியும் வண்டி குதித்துக்கொண்டே போவது, ஷாக் அப்சார்பரில் எண்ணெய் வழிந்திருப்பது: இப்படி இருந்தால்தான் ஷாக் அப்சார்பர் போயிருக்கிறது என்று பொருள். வண்டியின் மூலையை அழுத்திவிட்டால், ஓரிரு ஆட்டத்தில் அது நின்றுவிட வேண்டும்.

பிக்கப் வண்டியில் பின்பக்கச் சத்தம்: யு போல்ட் தளர்ச்சி, பட்டை உடைவு, சேக்கிள் புஷ் தேய்வு ஆகிய மூன்றையும் பாருங்கள். சேறு அப்பியிருந்தால் விரிசல் தெரியாது. கழுவிவிட்டுப் பார்ப்பது நல்லது.

தள்ளிப்போடக் கூடாத ஒன்று

லிங்க் ராடு சத்தத்தோடு சில நாள்கள் ஓட்டலாம். பால் ஜாயின்ட் அப்படியல்ல. அது கழன்றால், ஓடும்போதே சக்கரம் மடங்கிவிடும். ஸ்டியரிங் கட்டுப்பாட்டில் இருக்காது.

சமதளத்தில் ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கல் வைத்து, முன்சக்கரத்தைத் தூக்குங்கள். மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால், ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். அப்போது ஆட்டம் நின்றால் வீல் பேரிங் மீது சந்தேகம். நிற்காவிட்டால் பால் ஜாயின்ட் மீது சந்தேகம். இடமும் வலமும் ஆட்டும்போது ஆடினால் டை ராடு எண்டைப் பார்க்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒருபோதும் படுக்காதீர்கள்.

பட்டறையில் கவனிக்க வேண்டியவை

எந்தப் பாகத்தை மாற்றச் சொல்கிறார்களோ, அதில் உள்ள ஆட்டத்தைக் கண்ணால் காட்டச் சொல்லுங்கள். ரப்பர் புஷ் மாற்றினால், சக்கரம் தரையில் ஊன்றி வண்டியின் பாரம் இறங்கிய பிறகே போல்ட்டைக் கடைசியாக இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரமே கிழிந்துவிடும். லோயர் ஆர்ம், டை ராடு எண்ட் மாற்றிய பிறகு வீல் அலைன்மென்ட் அவசியம். சத்தத்தை அடக்கப் புஷ்ஷில் பழைய இன்ஜின் ஆயிலைத் தடவும் பழக்கம் வேண்டாம். எண்ணெய் பட்டால் ரப்பர் ஊறிக் கெட்டுவிடும்.

உர மூட்டை ஏற்றும் வண்டிக்கு இன்னொரு கவனமும் தேவை. சிந்திய உரம் இரும்பை அரிக்கும். பாரம் இறக்கிய கையோடு, வண்டியின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள்.