வழக்கில் கூட நிற்பவர் யார்?

ஐரோலியில் வாழும் நம்மில் ஒருவர் வீட்டுப் பெண்ணுக்குப் பாலியல் வன்கொடுமை நடந்துவிட்டால், முதலில் என்ன செய்கிறோம்? "வெளியில தெரிஞ்சா மானம் போயிடும்" என்று ஊருக்கு ரயில் ஏற்றிவிடுகிறோம். பெண் திருநெல்வேலியில், கோர்ட்டு இங்கே. முக்கிய சாட்சியே இல்லாமல் வழக்கு எப்படி நிற்கும்?

தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தியை நினைத்துப் பாருங்கள். 1992 ஜூன் 20-ஆம் தேதி, சந்தனக்கட்டை தேடுவதாக வந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்களில் சிலர் 18 மலைவாழ் பெண்களைச் சீரழித்தார்கள். உள்ளூரில் புகார் எடுபடவில்லை. மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் கூட நின்று நீதிமன்றம் போக, 1995-ல் விசாரணை சி.பி.ஐ.க்கு மாறியது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011-ல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023-ல் சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 31 வருஷம்! தனியாக விட்டிருந்தால் அந்தப் பெண்கள் தாங்கியிருப்பார்களா?

சரி, கூட நிற்பவர் என்ன செய்யணும்? முதலில் போலீஸ் ஸ்டேஷன். 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள சட்டப்படி, "எங்க எல்லை இல்ல" என்று திருப்பி அனுப்பக் கூடாது. பெண் அதிகாரிதான் புகாரைப் பதிய வேண்டும். எழுதியதைப் படித்துக் காட்டி, நகலை இலவசமாகத் தர வேண்டும். இங்கே எழுதுவது மராத்தியில். ஆகவே மராத்தி தெரிந்த ஒருவர் வரிக்கு வரி தமிழில் சொன்ன பிறகே கையெழுத்துப் போடணும். ஒரு வார்த்தை பிசகினாலும் குறுக்கு விசாரணையில் அதைத்தான் பிடித்துக்கொள்வார்கள்.

அடுத்தது ஆஸ்பத்திரி. குளிக்காமல், துணியைத் துவைக்காமல் சீக்கிரம் போவது நல்லது. அரசு ஆஸ்பத்திரியானாலும் தனியாரானாலும் சிகிச்சை இலவசம். இருவிரல் பரிசோதனை செய்யக் கூடாது என்று 2022-ல் உச்சநீதிமன்றம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது.

வக்கீலுக்குப் பணம் இல்லையா? பெண்களுக்கு, வருமானம் எவ்வளவானாலும், தாணே மாவட்டச் சட்ட உதவி ஆணையத்தில் இலவச வக்கீல் உண்டு. பாதிக்கப்பட்டது 18 வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால், போக்சோ சட்டப்படி விசாரணை முழுக்கக் கூட இருக்க ஒரு துணை நபரையும் கேட்டுப் பெறலாம்.

மானம் போயிடும் என்ற பயத்துக்கும் சட்டத்தில் பதில் இருக்கிறது. அவள் பெயரை வெளியிடுவது குற்றம். விசாரணையும் மூடிய அறையில்தான் நடக்கும்.

ஆனால் வாய்தாவுக்கு வாய்தா கோர்ட்டு வாசலில் கூட உட்கார்ந்திருக்கச் சட்டம் வராது. அதற்கு நாம்தான் போகணும்.